புதுப்பித்த பிறகும் அது பழைய சவாரிதானா?

2 பிப்ரவரி 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இருக்கும் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படகுச் சவாரியைக் கிளாசிக் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 1967இல் திறந்த அந்தச் சவாரியில் 1997இல் ஒரு காட்சியை மாற்றினார்கள், 2006இல் அதே பெயரில் வந்த திரைப்படங்களின் நாயகன் ஜாக் ஸ்பாரோவைக் கொண்டுவந்து வைத்தார்கள், 2018இல் ஏலக் காட்சியைத் திருத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும் அதைக் கிளாசிக் என்பது வெறும் பழக்கதோஷம். மாறாதது மட்டுமே கிளாசிக் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

2 பிப்ரவரி, இரவு

நான் மறுக்கிறேன். அந்த அளவுகோலை வைத்தால் உலகில் ஒரு சவாரிகூடத் தேறாது. நியூயார்க்கின் கோனி தீவில் 1927இல் திறந்த சைக்ளோன் ரோலர் கோஸ்டருக்குச் சட்டகம் எஃகு, தடம் மரம். கடற்காற்றில் நிற்கும் மரம் எத்தனை நாள் தாங்கும்? பலகை பலகையாக மாற்றித்தான் அதை ஓட்டுகிறார்கள். அப்படி மாற்றப்பட்டதையே 1988இல் நகர நிர்வாகம் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனாவில் 1902இல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' 1985இல் நின்றுபோனது. 1999இல் அது மீண்டும் ஓடியதற்குக் காரணம், இற்றுப்போன மரத்தை எடுத்துவிட்டு நல்ல மரத்தை வைத்ததுதான்.

டிஸ்னிலேண்டிலேயே இதைவிடத் துணிச்சலான உதாரணம் உண்டு. 1977இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டரை 2003 ஏப்ரலில் மூடி, உள்ளே இருந்த தடத்தை முழுவதுமாகப் பெயர்த்தெடுத்து, அதே வளைவுகளில் புதுத் தடம் போட்டு, 2005 ஜூலையில் திறந்தார்கள். பழைய தடத்திலும் போயிருக்கிறேன், புதியதிலும் போயிருக்கிறேன். இருட்டில் அடுத்து எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்பதை என் இடுப்பு எனக்கு முன்பாகவே தெரிந்து வைத்திருந்தது. அது பழைய சவாரி இல்லை என்று எவர் சொன்னாலும் என் இடுப்பு ஒப்புக்கொள்ளாது.

ஆகவே என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். மரம், இரும்பு, வண்ணம், மோட்டார் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் சவாரி கெடுவதில்லை. அது நமக்குக் காட்டுவதை மாற்றினால் கெடுகிறது. கோயில் திருப்பணியில் பெயர்ந்த கல்லைத் திரும்ப நிறுத்துபவரையும், பழைய சுவரோவியத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம் அல்லவா, அந்தக் குழப்பம்தான் இங்கேயும் நடக்கிறது.

3 பிப்ரவரி

ஓர் உதாரணம் சேர்க்கிறேன். நான் முதன்முதலாக டிஸ்னிலேண்டுக்குப் போனது 1998இல். ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரியின் பரணில் 'தொப்பிப்பெட்டிப் பேய்' நின்றுகொண்டிருந்தது. அதன் தலை கழுத்திலிருந்து மறைந்து, கையில் தொங்கும் தொப்பிப் பெட்டிக்குள் போய்ச் சிரித்தது. இன்றும் அந்தச் சிரிப்பு கண்ணில் நிற்கிறது. இப்படிப்பட்ட ஒன்றின்மேல் எவரும் கைவைக்கக் கூடாது.

4 பிப்ரவரி

மூன்று பேர் என்னைத் திருத்தியிருக்கிறார்கள், மூவர் சொல்வதும் சரி. தொப்பிப்பெட்டிப் பேயை 1969இல், சவாரி திறந்த காலத்தில், அங்கே நிறுத்தினார்கள். கழுத்தின் மேலிருக்கும் தலையை முழுமையாக மறைக்கும் அளவுக்கு ஒளி ஒத்துழைக்கவில்லை, அதனால் சீக்கிரமே அதை அப்புறப்படுத்தினார்கள். அது திரும்பி வந்தது 2015 மே மாதத்தில். நான் 1998இல் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

நேற்று இரவு வெகுநேரம் இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. உண்மையாகவே பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தேன். புத்தகங்களில் கண்ட பழைய புகைப்படமும், 2015க்குப் பிறகு நேரில் கண்டதும், முதல் பயணத்தின் பரவசமும் ஒன்றாகக் குழைந்து ஒரு நினைவாகிவிட்டிருக்கின்றன. 'அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது' என்று இனி நான் எழுதும் எந்த வாக்கியத்தையும் நீங்கள் சந்தேகப்படலாம்.

இதைவிட எனக்குத் தொல்லையாக இருப்பது வேறொன்று. என் அளவுகோலின்படி அந்தப் பேயின் வருகை, 'காட்டுவதை மாற்றிய' குற்றம். ஆனால் 2015இல் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, நானும் கைதட்டினேன். 46 ஆண்டு இல்லாமல் இருந்த ஒன்றைத் திறப்பு நாளிலிருந்தே இருந்ததாக ஏற்றுக்கொண்டோம். அளவுகோலில் எங்கோ கோணல் இருக்கிறது.

4 பிப்ரவரி, பிறகு

வேடிக்கைக்காக ஒன்று: அந்த மாளிகையில் 999 பேய்கள் வசிப்பதாகவும் ஆயிரமாவதற்கு இடம் காலியாக இருப்பதாகவும் அறிவிப்பில் சொல்வார்கள். 1969 முதல் 2015 வரை உண்மையில் 998தான் என்று ஒரு நண்பர் கணக்குக் காட்டியிருக்கிறார்.

7 பிப்ரவரி

கேள்விக்கே வருகிறேன். பைரேட்ஸைக் கிளாசிக் ஆக்கியது எது என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், எதைத் தொட்டார்கள், எதைத் தொடவில்லை என்று பேசுவதில் பொருள் இல்லை.

முதலில் அதை நடந்து சென்று பார்க்கும் மெழுகுப் பொம்மைக் காட்சிக்கூடமாகத்தான் திட்டமிட்டார்கள். 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுகள் கூட்டத்தைச் சளைக்காமல் ஏற்றி இறக்கியதைக் கண்ட பிறகே இதுவும் படகுச் சவாரியானது. பூங்காவைச் சுற்றி ரயில் பாதையும் மண்மேடும் இருந்ததால் உள்ளே இடம் போதவில்லை. பெரிய கட்டடத்தை மேட்டுக்கு வெளியே கட்டி, படகை ரயில் பாதைக்கு அடியில் இறக்கிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நாம் கூச்சலிட்டபடி இறங்கும் அந்த இரண்டு சரிவுகளும் இப்படி இடநெருக்கடியில் பிறந்தவை. ஹாண்டட் மேன்ஷனில் சுவர்கள் உயர்வதுபோலத் தோன்றும் 'நீளும் அறை'யும் அப்படியே: கலிஃபோர்னியாவில் அது ஒரு லிஃப்ட், தரை நம்மோடு கீழே இறங்குகிறது. ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் அத்தகைய தேவை இல்லை. ஆனாலும் ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள் என்பதற்காக அங்கே கூரையை மேலே தூக்கி அதே மாயத்தைச் செய்கிறார்கள். தேவைக்காகச் செய்ததைத் தேவையில்லாத இடத்திலும் செய்ய நேர்கிறது பாருங்கள், அந்த நிலையை எட்டியதைக் கிளாசிக் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

அடுத்தது, பைரேட்ஸுக்குக் கதை இல்லை. டிஸ்னியின் ஓவியர் மார்க் டேவிஸ் வரைந்தது ஒவ்வொன்றும் ஒரே பார்வையில் புரியும் தனித்தனிக் காட்சி: சிறைக் கம்பிக்குள் இருப்பவர்கள் சாவியைக் கவ்விய நாயை அழைக்கிறார்கள், பாலத்தின் மேல் ஒரு குடிகாரன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய மயிரடர்ந்த கால் நம் தலைக்கு மேல் ஆடுகிறது. சக கலைஞர் கிளாட் கோட்ஸ் அவற்றுக்கு இருளையும் ஆழத்தையும் கொடுத்தார். வசனமும் பாட்டின் வரிகளும் எக்ஸ் அட்டென்சியோ எழுதியவை. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் தெளிவாகக் கேட்கவில்லையே என்று அவர் கவலைப்பட்டபோது, விருந்தில் நடந்துபோகிறவர் காதில் அங்கங்கே பேச்சுத் துண்டுகள் விழுவதுபோல இருக்கட்டும், மறுமுறை வந்தால் மிச்சத்தைக் கேட்டுக்கொள்வார்கள் என்று வால்ட் டிஸ்னி சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த 'மறுமுறை'யில்தான் எல்லாம் இருக்கிறது. சவாரி 1967 மார்ச்சில் திறந்தது. வால்ட் அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார்.

இப்போது ஜாக் ஸ்பாரோவுக்கு வருகிறேன். அவர் மூன்று இடங்களில் வருகிறார். பொம்மை அபாரமான வேலைப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் வந்த நாள் முதல் படகில் இருப்பவர்கள் அவரைத் தேடுகிறார்கள். "அதோ, அதோ" என்று ஒரு விரல் நீளுகிறது, எட்டு தலைகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன, அந்தச் சமயத்தில் மறுபக்கத்தில் இருக்கும் நான்கு பொம்மைகள் யாருமில்லாமல் நடித்து முடிக்கின்றன. கண்ணை எங்கே வேண்டுமானாலும் அலையவிடலாம் என்றிருந்த இடத்தில், இங்கே பார் என்று ஒரு கட்டளை வந்துவிட்டது. என் முதல் அளவுகோலின் கோணல் எங்கே என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. 'காட்டுவது' மாறலாம், 'பார்க்கும் விதம்' மாறக் கூடாது. தொப்பிப்பெட்டிப் பேயைத் தவறவிட்டாலும் சவாரி முழுமையாகவே இருக்கிறது, அதனால்தான் அதன்மேல் ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

8 பிப்ரவரி

ஷாங்காயில் 2016இல் திறந்த பைரேட்ஸ் முழுக்க ஸ்பாரோவைச் சுற்றியே அமைந்ததுதானே, அதை எல்லோரும் புகழவில்லையா என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். புகழ்வதில் நியாயம் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்தே அவருக்காகக் கட்டிய வீடு. என் வழக்கு, பிறர் வீட்டில் அவரைக் குடிவைத்ததைப் பற்றியது.

9 பிப்ரவரி

ஏலக் காட்சியைப் பற்றி நான் மௌனமாக இருப்பதை இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மௌனத்துக்குக் காரணம் வெட்கம்.

அறியாதவர்களுக்கு: 1967 வடிவத்தில் கடற்கொள்ளையர்கள் அந்த ஊர்ப் பெண்களை மணப்பெண்களாக ஏலம் விடுவார்கள், கூட்டம் சிவப்புக் கூந்தல்காரியைக் கேட்டுக் கத்தும். சற்றுத் தள்ளி, சுழலும் மேடைகளில் கொள்ளையர்கள் பெண்களைத் துரத்துவார்கள். துரத்தலை 1997இல் மாற்றினார்கள்: பெண்கள் கையில் உணவுத் தட்டைக் கொடுத்து, துரத்துவது சாப்பாட்டைத்தான் என்று சொல்லச் செய்தார்கள். அது அரைமனதோடு செய்த வேலை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. கால்கள் அதே வேகத்தில் ஓடின, சாக்கு மட்டும் புதிது. 2018இல் செய்தது முழுமனதோடு. சிவப்புக் கூந்தல்காரி தானே 'ரெட்' என்ற கொள்ளைக்காரியாகி, ஏலத்தில் கொள்ளையர்களோடு சேர்ந்து நிற்கிறாள். ஏலம் போவது ஊராரின் உடைமைகள்.

அப்போது நான் கடுமையாக எதிர்த்து எழுதினேன். மார்க் டேவிஸின் கைவண்ணத்தை அழிக்கிறார்கள் என்பது என் வாதமாக இருந்தது. அதை எழுதும்போது ஒன்றை வசதியாக மறந்திருந்தேன். 2004இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்தச் சவாரிக்கு அழைத்துப்போனேன். சதுப்பு நிலத்தின் மின்மினிகளை ரசித்தார், நாயையும் சாவியையும் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஏலம் வந்தபோது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, படகு கடந்து போகும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கவனித்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

எனவே ஏழாம் தேதிக் குறிப்பில் சொன்ன 'பார்க்கும் விதம்' என்ற வாதத்தையே இங்கேயும் வைக்கிறேன்: கண்ணைத் திருப்பிக்கொள்ள வைக்கும் காட்சி, அந்தச் சவாரியின் சொந்த முறைக்கே எதிரி. 2018 திருத்தம் அந்த முறைக்குள் நிற்கிறது. ரெட் யார் என்று தெரிந்துகொள்ள எந்தத் திரைப்படமும் பார்த்திருக்க வேண்டியதில்லை. நகைச்சுவை சற்று மங்கிவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பழைய கூச்சலில் இருந்த தாளம் புதியதில் இல்லை.

14 பிப்ரவரி

'முதலில் இருந்ததே சிறந்தது' என்பவர்களுக்கு டிஸ்னிலேண்டின் ஜங்கிள் குரூஸ் படகுச் சவாரியை நினைவூட்டுகிறேன். 1955இல் பூங்கா திறந்த நாளன்று அதில் நகைச்சுவையே இல்லை. இயற்கை ஆவணப்படம் போலப் படகோட்டி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஆறுகளையும் விலங்குகளையும் விளக்குவார். நாம் கிளாசிக் என்று கொண்டாடும் கடி ஜோக்குகள் 1960களில் வந்தவை, மார்க் டேவிஸின் வேடிக்கைக் காட்சிகளும் அப்போதே. அருவியின் பின்னால் படகு நுழையும்போது, உலக அதிசயத்தைக் காட்டும் தோரணையில் "இதோ, தண்ணீரின் முதுகுப்பக்கம்" என்று படகோட்டி அறிவிக்கும் இடத்துக்காகவே நான் மீண்டும் மீண்டும் போகிறேன். 2021இல் பழங்குடியினரை இழிவாகக் காட்டிய உருவங்களை எடுத்தார்கள். எடுத்த பிறகு போனேன். முதுகுப்பக்கம் பத்திரமாக இருக்கிறது.

18 பிப்ரவரி

இதுவரை நான் தப்பிப் பிழைத்த சவாரிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். தப்பாத ஒன்றையும் எழுத வேண்டும்.

டிஸ்னிலேண்டின் டுமாரோலேண்ட் பகுதியில் 1967 முதல் 1995 வரை பீப்பிள்மூவர் ஓடியது. தலைக்கு மேலே ஒரு பாதை, அதில் அவசரமே இல்லாத சிறு வண்டிகள். வண்டிகளில் மோட்டார் கிடையாது, பாதையில் பதித்த சக்கரங்கள் சுழன்று அவற்றைத் தள்ளும். மற்றக் கட்டடங்களுக்குள் நுழைந்து வெளியேறி, கீழே மற்றவர்கள் வியர்வையோடு வரிசையில் நிற்பதைக் காட்டிக்கொண்டே போகும். அதில் போன எவரும் அதைப் பரபரப்பானது என்று சொன்னதில்லை. 1998இல் அதே பாதையில் 'ராக்கெட் ராட்ஸ்' என்ற வேக வண்டிகளை ஓட்டினார்கள். வேகமாகச் செல்லும் வண்டிக்கு வளைவில் பாதை ஒருபுறமாகச் சரிந்திருக்க வேண்டும், ரோலர் கோஸ்டர் பிரியர்களுக்கு இது அரிச்சுவடி. பழைய பாதையோ மெதுவாகப் போகும் வண்டிக்காகப் போட்ட தட்டைப் பாதை, அதைச் சரித்து அமைக்கப் பணம் ஒதுக்கவில்லை. ஆகவே நேர்பாதையில் சீறிப் பாய்வது, ஒவ்வொரு வளைவுக்கும் முன் வேகத்தைக் கொன்றுவிடுவது, மறுபடி சீறுவது. இயந்திரங்கள் தேய்ந்தன, ஓயாமல் பழுது வந்தது. 2000இல் நின்ற வண்டி திரும்ப ஓடவில்லை.

இதில் எனக்குப் பாடமாக இருப்பது பொறியியல் பிழை அன்று. மெதுவாகப் போவதே அந்தப் பாதையின் குணம் என்பதை அவர்கள் ஒரு குறையாகப் பார்த்தார்கள். ஃப்ளோரிடாவில் 1975இல் திறந்த பீப்பிள்மூவர் இன்றும் அதே நிதானத்தோடு ஓடுகிறது, கலிஃபோர்னியாவில் வெறும் பாதை மட்டும் தலைக்கு மேல் நிற்கிறது. 1998இல் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன் (இதற்குப் புகைப்படம் வைத்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்).

21 பிப்ரவரி

கெடுத்ததைத் திருப்பிக்கொள்ளவே முடியாதா என்று கேட்டவருக்கு: முடியும், சில நேரம். ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் எப்காட் பூங்காவின் 'ஜர்னி இன்டு இமேஜினேஷன்' சவாரி 1998இல் மூடி அடுத்த ஆண்டு திறந்தபோது, எல்லோருக்கும் பிடித்த ஃபிக்மென்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகனை ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். எதிர்ப்பு தாங்காமல் 2002இல் மறுபடி திருத்தி அதை அழைத்து வந்தார்கள். டிராகன் வந்தது, பழைய சவாரி வரவில்லை. ஃப்ளோரிடாவில் இயந்திரப் பறவைகள் பாடும் அரங்கான டிக்கி ரூமில் 1998இல் பழைய பறவைகளோடு திரைப்படப் பறவைகள் இரண்டைச் சேர்த்து, பழைய பாட்டைக் கிண்டல் செய்யவைத்தார்கள். 2011 ஜனவரியில் அங்கே ஒரு தீவிபத்து; அதே ஆண்டு திறந்தபோது மூல வடிவத்தின் சற்றே சுருங்கிய பதிப்பு ஓடியது. அக்கினி பகவான் ரசிகர் மன்றத்து உறுப்பினர் என்ற நகைச்சுவை அப்போது பிறந்தது.

25 பிப்ரவரி

ஸ்பிளாஷ் மவுண்டன். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், நால்வர் கேட்டுவிட்டார்கள்.

1989இல் திறந்த அந்த நீர்ச்சரிவுச் சவாரி 1946ஆம் ஆண்டுப் படமொன்றைத் தழுவியது. அடிமைமுறை ஒழிந்த பிறகான தென்மாநில வாழ்வை அந்தப் படம் இனிப்பாகக் காட்டியது என்ற குற்றச்சாட்டால், டிஸ்னி நிறுவனமே அமெரிக்காவில் அதை வீடியோவாக வெளியிட்டதில்லை. 2020இல் மாற்றத்தை அறிவித்து, 2023இல் கலிஃபோர்னியாவில் மூடி, 2024 நவம்பரில் 'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' என்று திறந்தார்கள். மூலப் படத்தையே வெளியில் காட்ட விரும்பாதவர்கள் சவாரியை மாற்றியதில் எனக்கு வியப்பில்லை, வருத்தமும் இல்லை. பழைய பொம்மைகள் போய்விட்டனவே என்று அழுபவர்களுக்கு ஒன்று: அவற்றில் பெரும்பகுதி 1974 முதல் 1988 வரை ஓடிய 'அமெரிக்கா சிங்ஸ்' காட்சியிலிருந்து எடுத்துவந்தவை. நீங்கள் அழுவது இரண்டாம் கைப் பொம்மைகளுக்காக.

டிசம்பரில் போய்வந்தேன். புதிய பொம்மைகளின் முகபாவம் பழையவற்றால் கனவிலும் எட்ட முடியாதது. ஆனால் ஒன்று உறுத்தியது. பழைய சவாரியில் கடைசி ஏற்றத்தில் இரண்டு கழுகுகள் நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டே, வரப்போவதை எண்ணி நடுங்கு என்பதுபோலப் பேசும். அதற்குள் வயிறு கலங்கியிருக்கும், ஏறத்தாழ 50 அடிச் சரிவு அந்தக் கலக்கத்துக்குப் பதில் சொல்லும். இப்போது விருந்துக்கு வாத்தியக்காரர்களைத் தேடிப் போகிறோம், எல்லோரும் அன்பானவர்கள், பிறகு திடீரென்று விழுகிறோம். தண்ணீர் அதே தண்ணீர், சரிவு அதே சரிவு, இரண்டையும் ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை. ஆனாலும் அது குட்டையாகிவிட்டதுபோல எனக்குத் தோன்றியது.

26 பிப்ரவரி

இதே தர்க்கத்தில் 2011இல் டெக்ஸஸ் ஜயன்ட்டின் மரத் தடத்தை எடுத்துவிட்டு எஃகுத் தடம் வைத்ததையும் கண்டிப்பீர்களா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. 1990இல் திறந்த அந்தக் கோஸ்டரின் மரச் சட்டகத்தை வைத்துக்கொண்டு, பெயரிலும் 'நியூ' என்று சேர்த்தார்கள். புதியது என்று சொல்லி விற்பதில் ஏமாற்று இல்லை. இரண்டாம் தேதி நான் எழுதிய 'இரும்பை மாற்றினால் கெடாது' என்ற வாக்கியத்தை மட்டும் இதற்காகத் திரும்பப் பெறுகிறேன். மரத்தை இரும்பாக மாற்றினால் அது வேறு சவாரிதான், இந்த முறை நல்ல சவாரி.

5 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர், அடுத்த வாரம் குடும்பத்தோடு போகப்போவதாகவும் பைரேட்ஸை நேரில் பார்த்து முடிவுசெய்யப்போவதாகவும் எழுதியிருக்கிறார். படகின் முதல் வரிசையில் உட்கார்ந்தால் நனைவீர்கள். குழந்தை இருந்தால் சரிவில் மிரளலாம், மடியோடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் சரிவுக்கு முன்பு, சதுப்பு நிலத்துக் குடிசைத் திண்ணையில் ஒரு கிழவர் சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டிருப்பார், எங்கிருந்தோ பேன்ஜோ கேட்கும். அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அம்மா திரும்பிப் போகும்வரை அவரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று.